மிச்சத் தீனி

என் எலிகள் சரியாகத் தின்னவில்லை என்பது மூன்றாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அதை மறைத்துத்தான் எம்.ஃபார்ம் பட்டம் வாங்கினேன். என் கணவரிடம் இதைச் சொன்னதே போன வருடம்தான். என்னிடம் படிக்கிற பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். குடம்புளி போடாத சாளைமீன் குழம்பை எங்கள் வீட்டில் யாரும் குழம்பாகவே மதிக்கமாட்டார்கள். புகையில் காய்ந்து கறுத்த அந்தப் பழத்தோலை அம்மா உப்பும் தேங்காய் எண்ணெயும் தடவிப் பரணியில் போட்டு வைத்திருப்பாள். இரண்டு துண்டு எடுத்துக் கழுவி ஊறவைத்தால் சமையலறை முழுக்க அந்த வாசனை ஏறும். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பார்மகாலஜி படிக்கும்போது ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டார்கள். எங்கள் வீட்டுப் பரணியில் இருப்பதையே ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று பெருமையோடு எழுதிக் கொடுத்தேன். 2013ஆம் வருடம் அது. உடல் எடையைக் குறைக்க என்று குடம்புளிக் கேப்ஸ்யூல் உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருந்த காலம்.

தலைப்புக்குப் பின்னால் நல்ல வேதியியல் இருந்தது. குடம்புளியின் புளிப்புக்குக் காரணம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்று 1965இல் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் லூயிஸ், நீலகண்டன் என்ற இருவர் கண்டுசொன்னார்கள். நான்கு வருடம் கழித்து, அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் லோவன்ஸ்டைனின் குழு, அந்த அமிலம் உடலில் கொழுப்பு உற்பத்தியாகும் ஒரு முக்கியமான கட்டத்தைத் தடுக்கிறது என்று காட்டியது. நாம் தேவைக்கு மேல் சோறோ சர்க்கரையோ சாப்பிட்டால், அதில் ஒரு பகுதி செல்லுக்குள் சிட்ரேட்டாக மாறும். ஒரு நொதி அந்த சிட்ரேட்டை வெட்டிக் கொழுப்புக்கான மூலப்பொருளாக்கும். குடம்புளி அமிலம் பார்வைக்குச் சிட்ரேட்டைப் போலவே இருப்பதால், சிட்ரேட் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். நொதிக்கு வேலை நின்றுபோகும்.

இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. புல்லரித்ததால்தான் அடுத்த கேள்வியைக் கேட்கத் தவறினேன். அந்த அமிலம் தடுப்பது மாவுச்சத்திலிருந்து புதிதாகக் கொழுப்பு உருவாவதை. நான் எலிகளுக்குக் கொடுக்கப்போவதோ வனஸ்பதி. கொழுப்பாகவே உள்ளே போகிற கொழுப்புக்கு அந்த நொதியின் தயவே தேவையில்லை. ரெடிமேட் சட்டை வாங்குகிறவனுக்குத் தையல்காரர் லீவு போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? அதோடு, உணவில் கொழுப்பு ஏறினாலே உடல் தன் சொந்தக் கொழுப்பு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே கொழுப்புத் தீனி தின்கிற எலியின் எடை குடம்புளியால் குறைந்தால், வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடியிருக்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம், பயோகெமிஸ்ட்ரி பாடப்புத்தகம் போதும். அது என் மேசையிலேயே இருந்தது.

கொழுப்புத் தீனியை நாங்கள் தேர்ந்தெடுத்தது சோம்பலால் இல்லை. எலியைச் சீக்கிரம் குண்டாக்க அதைவிட நம்பகமான வழி கிடையாது. வயிற்றுக் கொழுப்பு, ரத்தத்தில் கொழுப்பு, கல்லீரலில் கொழுப்பு, சர்க்கரைக் கோளாறு என்று மனிதருக்கு வருகிற எல்லாம் அதற்கும் வரும். அதனால் எந்த மூலிகைக்கும் எல்லோரும் இதே தீனியைத்தான் வைக்கிறார்கள். அந்த மூலிகை எப்படி வேலை செய்கிறது, அதற்கு இந்தத் தீனி பொருந்துமா என்று பார்க்கிறவர்கள் குறைவு. நானும் பார்க்கவில்லை.

விஸ்டார் வகை எலிகள் முப்பது, ஐந்து குரூப். ஒன்றுக்குச் சாதாரணத் தீனி. ஒன்றுக்குக் கொழுப்புத் தீனி மட்டும். ஒன்றுக்குக் கொழுப்புத் தீனியோடு ஆர்லிஸ்டாட் என்ற எடைக்குறைப்பு மருந்து. மீதி இரண்டுக்கும் கொழுப்புத் தீனியிலேயே குடம்புளிச் சாற்றுத்தூள் கலந்தது, ஒன்றில் குறைவாக, ஒன்றில் அதிகமாக. தினமும் வாயில் குழாய் விட்டு மருந்து கொடுத்தால் எலிகள் தவித்துப்போகும் என்பதால் கலந்தே கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். எலிகளுக்கு அது இரக்கம்தான், ஆனால் ஆராய்ச்சியில் அங்கேயே ஓட்டை விழுந்தது. தின்றால்தானே மருந்து உள்ளே போகும்? எவ்வளவு தின்றது என்று தெரியாமல் எவ்வளவு மருந்து போனது என்று எப்படிச் சொல்வது?

அதனால் காலையில் முதல் வேலையே மிச்சத் தீனியை நிறுப்பதுதான். கிண்ணத்தில் எஞ்சியதை நிறுக்க வேண்டும். எலிகள் தீனியைக் காலால் வாரி இறைக்கும் என்பதால் கூண்டின் அடியில் கிடக்கும் உமியையும் சலித்து, சிந்தியதைத் தனியாக எடுத்து நிறுக்க வேண்டும். ஈரமான உமியும் மூத்திர நெடியும் வனஸ்பதிப் பிசுக்கும் சேர்ந்து கையில் ஒட்டியிருக்கும், சோப்புப் போட்டாலும் மத்தியானச் சாப்பாட்டு வேளை வரை போகாது. நீலப் பேனாவால் கோடு போட்ட நோட்டில் நான்கு கட்டங்கள்: தேதி, கூண்டு எண், வைத்தது, மிச்சம்.

அனிமல் ஹவுஸைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் பத்தாவது வரை படித்தவர். இருபது வருடமாக எலிகளோடும் முயல்களோடும் இருந்தவர். மூன்றாவது வாரம் ஒருநாள் அவர் ஐந்தாம் குரூப்பின் கூண்டு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"ஏம் பாப்பா, இதுக கிட்டப் போயி மோந்து பாத்துட்டுத் திரும்பிருதுக. புளிப்புப் புடிக்கல போல."

"பழகிரும்ணே."

"வவுறு காஞ்சா திங்குதுக. பசிக்குத்தான் திங்குதுக பாப்பா, ஆசைக்குத் திங்கல."

அன்று மிச்சத்தை நிறுத்துக் கணக்குப் போட்டேன். கொழுப்புத் தீனி மட்டும் வைத்த கூண்டில் ஒரு எலி நாளுக்குச் சராசரியாக 14 கிராம் தின்றிருந்தது. சாறு அதிகம் கலந்த கூண்டில் 10 கிராம். நான்கு கிராம்தானே என்று தோன்றலாம். எட்டு வாரத்துக்கு 56 நாள், அதை நான்கால் பெருக்கினால் 224 கிராம். அந்த எலி சோதனைக்கு வந்த நாளில் அதன் எடையே 180 கிராம்தான்.

அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. என் எலிகள் பட்டினியால் இளைத்துக்கொண்டிருந்தன. அல்லது, சாறு பசியை மட்டுப்படுத்துகிறது என்றும் இருக்கலாம். எடையைக் குறைத்தது தீனி குறைந்தது மட்டும்தானா, சாற்றுக்கும் அதில் பங்கு உண்டா என்று கண்டுபிடிக்க வழி உண்டு. சாறு தின்கிற எலி நேற்று எவ்வளவு தின்றதோ, அதே அளவு வெறும் கொழுப்புத் தீனியை இன்னொரு எலிக்கு இன்று வைப்பது. ஜோடித் தீனி என்று சொல்லலாம். இரண்டும் ஒரே மாதிரி இளைத்தால், எடையைக் குறைத்தது குறைந்த தீனிதான், சாற்றுக்கென்று தனி வேலை ஏதும் இல்லை. ருசி பிடிக்காததா, பசி குறைந்ததா என்பதைச் சாற்றைக் குழாய் வழியே கொடுத்துப் பார்த்தால் பிரித்துவிடலாம். ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சலிவனும் அவருடைய குழுவினரும் 1974இலேயே இந்த அமிலத்தை எலிகளுக்குக் கொடுத்து ஜோடித் தீனியும் வைத்துப் பார்த்துவிட்டார்கள். எடை குறைந்ததும் உடற்கொழுப்பு குறைந்ததும் குறைவாகத் தின்றதால்தான் என்று எழுதியும் வைத்தார்கள். அந்தக் கட்டுரையின் ஜெராக்ஸ் என் ஃபைலில் இருந்தது. மஞ்சள் மையால் அந்த வரியை நானே அடிக்கோடு போட்டிருந்தேன்.

ஜோடித் தீனிக்கு இன்னும் ஆறு எலிகள் வேண்டும். விலங்கு நெறிக் குழுவிடம் திரும்ப அனுமதி வாங்க வேண்டும். இன்னும் எட்டு வாரம் ஆகும். கல்விக் கடன், வீட்டில் பேசி முடித்திருந்த கல்யாணம் என்று எனக்கு அவசரங்கள் இருந்தன. பல வருடம் இவற்றையே காரணமாகச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. எடை வரைபடம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. கொழுப்புத் தீனிக் கோடு மேலே ஏற, குறைந்த அளவுச் சாறு நடுவில் போக, அதிக அளவுச் சாறு ஆர்லிஸ்டாட்டை ஒட்டிக் கீழே போனது. அளவு கூடக் கூடப் பலன் கூடுகிறது என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். புளிப்பு கூடக் கூடத் தின்பது குறைந்தது என்றும் அதே கோடுகளைப் படிக்கலாம். அப்படிப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

வரைவை எடுத்துக்கொண்டு என் ப்ராஜெக்ட் கைடின் அறைக்குப் போனேன். புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர் எடை அட்டவணையில் நிறுத்தினார்.

"ஃபுட் இன்டேக் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் சார். குரூப்புக்குக் குரூப் பெரிய வித்தியாசம் இல்ல சார்."

"அப்ப அதையும் ஒரு வரி எழுதிருங்க."

எழுதினேன். என் தீசிஸில் அந்த வரி இன்றும் இருக்கிறது. வாயால் சொன்ன பொய் பேப்பரில் ஏறிவிட்டது. அவர் நோட்டைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

கல்லீரலிலும் இதையே செய்தேன். எட்டாவது வாரம் முடிந்ததும் முப்பது எலிகளையும் மயக்கமருந்து கொடுத்து என் கையால்தான் கொன்றேன். கொழுப்புத் தீனி தின்றவற்றின் கல்லீரல் ரத்தச் சிவப்பாக இல்லாமல் வெளிறி மஞ்சளாக இருக்கும். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதிக அளவுச் சாறு தின்றவற்றில் இரண்டின் ஸ்லைடுகளில் ரத்தக்குழாய்களைச் சுற்றி அழற்சி செல்கள் மொய்த்திருந்தன. ஒரு ஸ்லைடில் படம் எடுக்க எத்தனையோ இடம் உண்டு. லென்ஸை நகர்த்தி, நகர்த்தி, சுத்தமாக இருந்த ஒரு மூலையைப் பிடித்துப் படம் எடுத்தேன். அந்த வருடம் தென் கொரியாவிலிருந்து ஒரு கட்டுரை வந்திருந்தது. 45 சதவீதக் கலோரி கொழுப்பிலிருந்து வரும் தீனியை 16 வாரம் தின்ற சுண்டெலிகளுக்கு, அந்தத் தீனியிலேயே ஒரு சதவீதம் குடம்புளிச் சாறு கலந்து கொடுத்திருந்தார்கள். வயிற்றுக் கொழுப்பு குறைந்தது. ஆனால் கல்லீரலில் கொலாஜன் நார் சேர்ந்தது, அழற்சி கூடியது, ரத்தத்தில் கல்லீரல் நொதிகளும் ஏறின. அதே இதழில் அதே வருடம் அதை மறுத்தும் ஒரு கடிதம் வந்தது. எது சரி என்று வாதம் நடப்பது நல்லது. என் இரண்டு ஸ்லைடுகளும் அந்த வாதத்துக்குப் போயிருக்க வேண்டியவை. இரண்டு எலிகளை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் பார்த்ததைச் சொல்லியிருக்க முடியும்.

மனிதர்களிடம் நடந்த சோதனையையும் நான் பூசி மெழுகினேன். 1998இல் ஜாமா மருத்துவ இதழில் ஹேம்ஸ்ஃபீல்டின் குழு வெளியிட்டது அது. 135 பேர், 12 வாரம், நாளுக்கு 1500 மில்லிகிராம் அமிலம், எல்லோருக்கும் கலோரி குறைந்த உணவு. குடம்புளி சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 3.2 கிலோ குறைந்தது. வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 4.1 கிலோ குறைந்தது. குடம்புளியால் பலன் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இவ்வளவு தெளிவான முடிவை, "மாறுபட்ட முடிவுகளும் பதிவாகியுள்ளன" என்று என் தீசிஸில் ஒரே வரியில் அடக்கிவிட்டேன். அந்த மாதிரி வாக்கியத்தை இப்போது மாணவர்கள் எழுதி வந்தால் என் வயிறு கலங்குகிறது. எங்கே கற்றுக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

சாற்றுத்தூளை இலவசமாகக் கொடுத்தது ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம், அவர்கள் மேல் பழி போட நான் வரவில்லை. அவர்கள் கையில் நான் கொடுத்தது சுத்தமான வரைபடமும் சுத்தமான கல்லீரல் படமும். அதை நம்பி, விலங்குகளில் சோதித்து நிரூபிக்கப்பட்டது என்று துண்டுப்பிரசுரம் அடித்தார்கள். எங்கள் ஊர் மருந்துக்கடையில் அதைப் பார்த்துவிட்டுச் சித்தி போன் செய்தாள்.

"மக்களே, நீ படிச்ச சாதனம்தானே இது? நம்ம கொடம்புளி! வாங்கட்டா?"

வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். "வாங்கிப் பாருங்க சித்தி" என்றேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நான்கு மாதம் சாப்பிட்டாள். எடை குறையவில்லை. பிறகு சோர்வும் குமட்டலும் வந்து ரத்தம் பரிசோதித்ததில் கல்லீரல் நொதிகள் பல மடங்கு ஏறியிருந்தன. நான்தான் கூடப் போனேன். டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். "நாட்டு மருந்து, மூலிகை, ஹெல்த் சப்ளிமென்ட் ஏதாவது?" என்று கேட்டார். சித்தி, "மருந்தொண்ணும் இல்ல டாக்டர்" என்றாள். அவளுக்கு அது மருந்தே இல்லை, கறிக்குப் போடுகிற குடம்புளி. அவள் பொய் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேப்ஸ்யூல் டப்பா அந்தப் பைக்குள்தான் இருந்தது. விரலுக்குத் தட்டுப்பட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் காலையில் டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். உடனே நிறுத்தச் சொன்னார். ஆறு வாரத்தில் அளவுகள் இறங்கிவிட்டன. சித்திக்கு ஏற்கெனவே சர்க்கரையும் கல்லீரலில் கொழுப்பும் உண்டு, வேறு மாத்திரைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேப்ஸ்யூல்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆனால் குடம்புளி கலந்த எடைக்குறைப்புப் பொருட்களுக்கும் கல்லீரல் பாதிப்புக்கும் தொடர்பு பற்றிய பேச்சு புதிது இல்லை. 2009இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஹைட்ராக்சிகட் என்ற எடைக்குறைப்புப் பொருளைச் சாப்பிட வேண்டாம் என்று எச்சரித்தபோது, கல்லீரல் கோளாறு பற்றி 23 புகார்கள் இருந்தன, ஒரு மரணமும் அதில் அடக்கம். அந்தப் பொருளின் சில வகைகளில் அப்போது குடம்புளிச் சாறும் ஒரு சேர்மானமாக இருந்தது. அங்கே மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட கட்டுரையில், குடம்புளிப் பொருட்கள் சம்பந்தப்பட்ட 22 பேரைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் அதைக் கிரீன் டீச் சாற்றோடு சேர்த்துச் சாப்பிட்டவர்கள், ஐந்து பேர் குடம்புளியை மட்டும். கேப்ஸ்யூல் விற்பனையைப் பார்த்தால் இது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் டாக்டர் கேட்கிற அந்த ஒரு கேள்விதான் நோயாளிக்குப் பாதுகாப்பு. அதற்கு வந்த பதிலைத் திருத்தாமல் ஒரு ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்தவள் நான்.

இதைப் படித்துவிட்டு மீன் குழம்பில் குடம்புளி போடலாமா என்று யாரும் பயப்பட வேண்டாம். குழம்பில் கிடக்கும் இரண்டு துண்டும், அமிலத்தைச் செறிவாக்கி மாதக்கணக்கில் விழுங்கும் கேப்ஸ்யூலும் ஒன்றல்ல. எங்கள் வீட்டுப் பரணியில் இன்றும் இருக்கிறது. சித்தியும் குழம்பில் போட்டுத்தான் சாப்பிடுகிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த எலிய எல்லாம் சும்மா கொன்னியா பிள்ளே?" என்றாள். தன் கல்லீரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு கூண்டில் மூன்றாக ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கும் அவை. காலையில் கதவைத் திறந்ததும் மூக்கைக் கம்பிக்கு வெளியே நீட்டும். அவை தின்னாமல் விட்டதில் ஒரு பதில் இருந்தது. உமியைச் சலித்துச் சலித்து அதை எடுத்தவள் நான், மறைத்தவளும் நான்.

நோட்டைத் தூக்கிப்போடவில்லை. ஏன் போடவில்லை என்று தெரியவில்லை. இரண்டு வீடு மாறியும் கூடவே வந்தது. போன மாதம் அதை எடுத்து, எட்டு வாரத்து மிச்சக் கணக்கையும் அட்டவணையாகத் தட்டச்சு செய்தேன். அந்த இரண்டு ஸ்லைடுகளைப் பற்றியும் எழுதி, எது பொய், எதை மறைத்தேன் என்று வரி வரியாகக் குறித்து, படித்த கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தீசிஸ் பிரதியோடு அதையும் சேர்த்து வைக்கும்படி கேட்டிருக்கிறேன். பட்டத்தை என்ன செய்வதென்று அவர்கள் முடிவு செய்யட்டும். கம்பெனிக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது.

ஒரு பிரதி கைடுக்கு. ரிட்டயராகி சொந்த ஊரில் இருக்கிறார். தபால் சேர்ந்த அன்று சாயங்காலமே போன் வந்தது. எப்படி இருக்கீங்கம்மா என்றார், பிள்ளைகளைக் கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பேப்பர் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"மூணாவது வாரமே பதினாலு, பத்துன்னு இருக்கேம்மா."

"ஆமா சார்."

"நான் அன்னைக்கு நோட்டக் காட்டுங்கன்னு சொல்லிருக்கணும்."

"இல்ல சார். நீங்க கேட்டீங்க. நான்தான் சொல்லல."